சர்ச்சுக்கு ஒரு பேஸ் பெட்டி

— கையை எடுங்க சிஸ்டர் கார்மெட்டா! ஸ்பீக்கர் கோனை ஒத்த விரலால குத்தக் கூடாது. ரெண்டு கையையும் விரிச்சு, ஓரத்துல வெச்சு, மெள்ள அமுக்கணும்.

— அமுக்கினா என்ன தெரியும் லாசல்ஸ்? இது என்ன மாம்பழமா?

— உள்ளே இருக்கற கம்பிச்சுருள், அந்த காயில், உரசுதான்னு தெரியும். காதைக் கிட்டக் கொண்டாங்க. கேக்குதா?

— கேக்குது. மணல்ல செருப்பு தேயற மாதிரி.

— அப்ப இது ஆகாது. கடைக்காரன் பெயிண்ட் அடிச்சுப் பளபளன்னு வெச்சிருக்கான், உள்ளே போயிடுச்சு. நல்ல டிரைவரா தேடணும்.

— டிரைவரா? டிரைவர்தான் நீ இருக்கியே. யாலஸ்லேருந்து கிங்ஸ்டன் வரைக்கும் உன் டாக்ஸிலதானே வந்தோம்?

— ஐயோ, பெட்டிக்குள்ள மாட்டற இந்த ஸ்பீக்கருக்குத்தான் டிரைவர்னு பேரு! ஆனா உண்மையச் சொன்னா, உங்க சர்ச்சுக்கு, அடிச்சத்தம் தர்ற ஒரு பேஸ் பெட்டி செய்யணும்னு என்னைக் கூப்பிட்டீங்களே, அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். புயலுக்கு அப்புறம் என்கிட்ட ஸ்பீக்கர் பேச்சையே யாரும் எடுக்கிறதில்ல. பாவம், மனசு நோகும்னு பாத்துப் பாத்துப் பேசறாங்க.

— நான் அப்படியெல்லாம் பாத்துப் பேசறவ இல்ல. எதை வாங்கணும், அதைச் சொல்லு.

— முதல்ல பெட்டி எதுன்னு முடிவு பண்ணணும், அதுக்கு ஏத்த டிரைவர்தான் எடுக்கணும். இதோ, இந்தப் பதினஞ்சு இஞ்ச். கோன் கனம், தளர்வா ஆடும். காத்து போகாம நாலாபக்கமும் மூடின பெட்டியில மாட்டினா, உள்ளே இருக்கற காத்தே இதை இழுத்துப் பிடிச்சுக்கும். ஆர்ப்பாட்டம் இருக்காது. சுத்தமா, ஆழமா கேக்கும். சர்ச்சுக்கு இதுதான்.

— அது வேணாம்.

— ஏன் சிஸ்டர்?

— கூட்டம் உள்ளே இல்ல. வெளியில, திடல்ல.

— வெளியிலயா? போன மாசமே சர்ச்சுக்குக் கூரை போட்டாச்சே?

— போட்டாச்சு. ஆனாலும் வெளியிலதான். நீ கேள்வி கேக்காம பதில் சொல்லு.

— வெளியிலன்னா சுவர் கிடையாது, சத்தம் தப்பிச்சு ஓடிடும். மூடின பெட்டி திணறும். அதுக்கு ஸ்கூப் பெட்டி வேணும். ஸ்பீக்கரோட முதுகுப் பக்கத்துச் சத்தம் இருக்கு பாருங்க, அதையும் வீணாக்காம உள்ளேயே மடிச்சு வளைச்சுக் கொண்டாந்து, கீழே இருக்கற பெரிய வாய் வழியா வெளியே தள்ளும்.

— அதுக்கு எந்த டிரைவர்?

— அந்த மூலையில இருக்கற பதினெட்டு இஞ்ச். தூக்கிப் பாருங்க.

— கர்த்தரே! என் பேரனை விடக் கனமா இருக்கு!

— அவ்வளவும் காந்தம். கோன் மட்டும் லேசு, ஆனா விறைப்பு. அமுக்குங்க. ஏதாவது உரசுதா?

— ஒண்ணும் இல்ல. வழுக்கிட்டுப் போகுது.

— அதான் சரக்கு! ஆனா சர்ச்சுக்கு இது ரொம்ப அதிகம் சிஸ்டர். முன்வரிசையில நிக்கிறவங்க நெஞ்செலும்பு ஆடும்.

— ஆடட்டும். ஜெபம் பண்றவங்களுக்கு அது நல்லதுதான்.

— பேசறது நீங்கதானா? சனிக்கிழமை ஆனா என் 'பிளாக் பெலிகன்' சவுண்ட் செட் பாட ஆரம்பிச்சதும் வாசல்ல வந்து நின்னு 'சாத்தான் கூத்து'ன்னு கத்துவீங்க. ஒரு தடவை ஒயரையே பிடுங்கிட்டீங்க!

— பிடுங்கினேன். வேணும்னா மறுபடியும் பிடுங்குவேன். பலகை என்ன போடுவே?

— நல்ல பிர்ச் பிளைவுட். உள்ளே குறுக்குச் சட்டம், மூட்டுக்கு மூட்டு பசை. மட்டமான பலகையா இருந்தா பேஸ் பலகையை ஆட்டிட்டு நின்னுடும், காத்தை ஆட்டாது.

— என் ஜன்னல்ல நீ அடிச்சது அந்தப் பலகைதானா?

— அதேதான். இப்ப எதுக்கு அது?

— அதைப் பத்தி நீ பேசவே விட மாட்டேங்கறே, அதனாலதான். புயல் அன்னிக்கு மத்தியானம் காத்து ரெண்டு ஜன்னலையும் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. உள்ளே என் மக பிரசவ வலியில கத்தறா. தலைக்கு மேல தகரம் எழும்பி எழும்பி அடிக்குது. நீ ஓடி வந்து எட்டிப் பாத்தே, அப்படியே திரும்பிப் போனே. கைவிட்டுட்டான்னு நெனச்சேன்டா.

— பலகை தேடிப் போனேன் சிஸ்டர். தெருவுல எங்கேயும் கிடைக்கல.

— உன் வீட்டுல கிடைச்சுது. திருகைக் கழட்டக்கூட நேரமில்லாம, உன் பெட்டிங்களை நீயே கோடாலியால பிளந்தே. நான் ஜன்னல் ஓட்டை வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— காத்து உள்ளே புகுந்தா கூரையைத் தூக்கிடும். புள்ள வேற பொறக்கப் போகுது. அந்த நேரத்துல பெட்டியாவது மண்ணாவது!

— ஸ்பீக்கர் எல்லாம் மழையில போச்சே.

— காகிதக் கோன்தானே, ஊறிடுச்சு. விடுங்க. உண்மையச் சொன்னா, ஆணி அடிச்சும் பத்தாம அந்தப் பலகைக்கு முதுகு கொடுத்து நின்னுட்டிருந்தேன். காத்து அறையறது முதுகெல்லாம் அதிருது. அதுக்கு நடுவுல உங்க பேரன் பொறந்து அழுதான். நான் எத்தனை வருஷமா பாட்டுப் போட்டிருக்கேன், அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்ல. அந்த இடத்துல என்னை நிக்க விட்டீங்க. நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்.

— போதும், நிறுத்து. கடையில வெச்சு என்னை அழ வைக்காதே. கடைக்காரன் பாக்கறான்.

— சரி, சரி. கண்ணைத் துடைங்க. அப்ப, பதினெட்டு இஞ்சா?

— பதினெட்டுதான். ஒண்ணு போதுமா?

— ஸ்கூப்புன்னா ரெண்டு இருந்தாத்தான் திடல் நிறையும். ஆனா சர்ச்சுக்கு எதுக்கு...

— ரெண்டு எடு.

— பாஸ்டர் திட்டப் போறாரு.

— பாஸ்டர் திட்ட மாட்டாரு. இதுக்காக சபையே கூடி மீன் பொரிச்சு, மரவள்ளி ரொட்டி சுட்டு வித்தோம். சட்டிக்கு முன்னாடி நின்னதே அவர்தான்.

— அடேயப்பா! அப்ப நானும் கூலி வாங்க மாட்டேன். மறுபடியும் ரம்பம் பிடிக்க விட்டீங்களே, அதுவே எனக்குப் பெரிசு. கறுப்பு பெயிண்ட் அடிச்சு, முன்னாடி வலை போட்டு, ஜம்முனு செஞ்சு தர்றேன். பெட்டி நெத்தியில பேர் எழுதணுமே சிஸ்டர், சபை பேரை முழுசா எழுதவா, சுருக்கமா எழுதவா?

— சபை பேரு எதுக்குடா? 'பிளாக் பெலிகன்'னு எழுது. இல்ல, உன் சவுண்ட் செட்டுக்கு இந்தத் தடவை வேற பேரு வைக்கப் போறியா?