மாதம் இருநூறு கிராம்

பகல் பன்னிரண்டு மணி. பீர்க்கன்கரணை ஏரிக்கரைச் சாலை. ஆள் நடமாட்டம் இல்லை… ஒரு நாய்கூட இல்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கரண்ட் வரும்போது வரட்டும். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இது நம் மெட்டில்டா டீச்சரின் நாத்தனார் செல்வமேரிக்கு நடந்தது. இரண்டாயிரத்து ஒன்று, டிசம்பர் மாதம். ஏரிக்கரைப் பால்வாடியில் அவர்தான் டீச்சர். மாதம் ஒருமுறை குடிசை குடிசையாகப் போய்க் கைக்குழந்தைகளை எடைபோட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். எடை குறைந்த குழந்தைக்குச் சத்துமாவு கூடுதலாகக் கிடைக்கும்; டாக்டரிடமும் அனுப்புவார்கள்.

அன்று தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். எல்லாக் குடிசைகளுக்கும் போயாயிற்று, பச்சையம்மாவின் குடிசையைத் தவிர. அங்கே எடைபோட இப்போது குழந்தை இல்லை.

அக்டோபரில் அடைமழை. சாலையில் முழங்கால் தண்ணீர். செல்வமேரி போகவில்லை. பால்வாடியில் உட்கார்ந்தபடியே, போன மாத எடையோடு ஆளுக்கு இருநூறு கிராம் கூட்டி எழுதிவிட்டார். பச்சையம்மாவின் மகள் துர்காவுக்கு எட்டு மாதம். ஆறு கிலோ என்று எழுதினார்.

பச்சையம்மா பகலெல்லாம் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பாள்; குழந்தை பக்கத்துக் குடிசையில் இருக்கும். டீச்சர் வந்து எடைபோட்டிருப்பார் என்றே அவள் நம்பினாள். மறுநாள் குழந்தையை முந்தானையில் மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், புள்ள எளச்ச மாதிரி கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டா?"

தராசு மூலையில்தான் இருந்தது. அதை எடுத்து மாட்டினால், எழுதியது பொய் என்று ஆகிவிடும். செல்வமேரி பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"ஏறித்தாம்மா இருக்கா. ஆறு கிலோ. பயப்படாம போ."

"அப்டியா! நான் ஒரு பைத்தியம் டீச்சர்," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஒன்பதாம் நாள் துர்கா இறந்துபோனாள். யாரும் செல்வமேரியை ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் கொடுமை. "டீச்சர் பாத்துதான் சொன்னாங்க, நல்லாத்தான் இருந்திச்சு," என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பச்சையம்மா சொல்லிச் சொல்லி அழுதாள்.

இப்போது, அந்த உச்சிவேளையில், செல்வமேரி பால்வாடிக்குள் நுழைந்தார். ஆயா அங்காளம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்டினார். பதிவேட்டைத் திறந்தார். இன்றாவது அந்த ஆறை அடித்துவிட்டு, மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தார்.

கிரீச்…

திரும்பினார். தராசின் காலித் துணித்தொட்டில் கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. புளித்த பால் வாசனை. முள் நின்ற இடம்… ஆறு.

கர்த்தரை அழைத்தபடியே அந்த எண்ணைக் குறுக்கே அடித்தார். முள் நடுங்கிற்று. ஐந்தரை… ஐந்து… நாலேகால்… பசியில் குரல் வற்றிய ஒரு குழந்தையின் முனகல், துணிக்குள்ளிருந்து. மூன்றரை… முள் நிற்கவே இல்லை.

இன்னொரு முறை அவளைச் சாகவிடுவதா? செல்வமேரியால் தாங்க முடியவில்லை. அடித்த எண்ணுக்கு மேலே மறுபடியும் 'ஆறு' என்று எழுதினார். முனகல் அடங்கிற்று. முள் மெல்ல மெல்ல ஏறிற்று. பிறகு, துணிக்குள்… சப்புக்கொட்டும் சத்தம்.

வாசலில் குடத்தோடு அங்காளம்மா. "இன்னா டீச்சர், வெறுந்தொட்டில பாத்து அழுதுகினு கீற?" என்றவள் மூக்கைச் சுளித்தாள். "ஆமா… யாரு கொயந்த இங்க பால் கக்கிச்சு?"

மேலதிகாரியிடம் செல்வமேரி எதையும் சொல்லவில்லை. வருஷா வருஷம் பதிவேடுகள் மாறின; துர்காவுக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை, ஆளில்லாத நேரம் பார்த்துத் தராசை மாட்டி, இருநூறு கிராம் கூட்டி எழுதுகிறார். ஒரு மாதம் காய்ச்சலில் படுத்து எழுதத் தவறினார். அன்றிரவே அவருடைய கட்டிலுக்கு அடியில் அந்த முனகல் கேட்டதாம். வழியில் பார்த்தால் பச்சையம்மா இன்றைக்கும், "நல்லாக்கீறீங்களா டீச்சர்?" என்று கும்பிடுகிறாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்.

எட்டு வருஷம் ஆகிறது.

அந்தத் தராசில் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் கோடு கிடையாது. போன வாரம் செல்வமேரி… இருபத்தைந்து என்று எழுதினார்.