சதய நாளில் ஒரு வீட்டின் விலை

பொன்னுதுரை ஏழாயிரம் வெள்ளி என்று சொன்ன நாளுக்கும், நாலாயிரத்து இருநூறுக்குத் தலையாட்டிய நாளுக்கும் நடுவே பத்தொன்பது நாட்கள். வீடு வாங்குகிறவர்கள் அவசரப்படக் கூடாது. அதிலும் எனக்குக் கூச்ச சுபாவம். மீன்காரன் சொல்கிற விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவள் நான்.

காஜா பெராங்கில் அந்த வீடு சின்னதுதான். முன்னால் இரண்டு அறை, பின்னால் ஒன்று, ஒரு கிணறு. மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்த மறுவாரம் பொன்னுதுரைக்கு நாகப்பட்டினம் கப்பல். பத்து பெரெண்டாம் ஊரின் கட்டடக் குத்தகையாளர் நடராஜன் ஆறாயிரத்து ஐந்நூறு வரை வந்திருந்தார். வாங்கியதும் இடித்துக் கட்டுவதாக இருந்தார். பின்னறையில் வாடகைக்கு இருந்த அம்மாளை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அறுபத்தோரு வயது, இரண்டு முழங்காலிலும் வீக்கம், போக வேறு இடமில்லை. நான் இருந்தது புக்கிட் பாரு ஆசிரியைகள் விடுதியில். அங்கே வெளியாரைச் சேர்ப்பதில்லை. அந்த அம்மாள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் வீட்டை வாங்க நினைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"டீச்சர், ஏழுக்கு ஒரு காசு கொறையாது," என்றார் பொன்னுதுரை. "மெட்ராஸ் வரைக்கும் போயி படிச்சிட்டு வந்து, என் வீட்டுக் கறையானை எண்ணுறீங்களே."

எண்ணத்தான் செய்தேன். ஓடு மாற்ற முந்நூறு, கறையான் அரித்த உத்தரத்துக்கு இருநூற்றைம்பது, கிணற்றுச் சுவருக்கு நூறு. எவ்வளவு கழித்தாலும் ஆறாயிரத்துக்குக் கீழே வரவில்லை. என்னிடம் இருந்தது நாலாயிரத்து இருநூறு.

பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். நான் விலங்கியல் படித்தவள், நட்சத்திரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடராஜனுக்கு இருந்தது. சதயத்தில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு. பூட்டிப் போட்டுவிடுவார்கள், யாரும் குடி வர மாட்டார்கள். பொன்னுதுரையால் ஆறு மாதம் காத்திருக்க முடியாது. ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு சதயம்.

அன்று காலை பொன்னுதுரை கோயிலில் கூழ் ஊற்றப் போயிருந்தார். பின்னறை அம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் என்னிடம் குழவியைக் கழுவி வைக்கச் சொன்னார்.

"பாத்துடி. காலேஜ் போன கையி, குழவி தூக்குமா?" என்று சிரித்தார்.

தூக்கும் என்றேன்.

ஆய்வுக்கூடத்தில் தவளைக்குத் தலையின் பின்புறம் ஒரே தட்டு போதும். இதுவும் ஒன்றில் முடியும் என்று நினைத்தது என் பிழை. முதல் அடியில் அவர் அம்மிமேல் சாய்ந்தார். முகம் மிளகாய் விழுதில் பட்டது. கண் எரிகிறது என்றார். அடித்தது நான் என்று அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றச் சொல்லி என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது அடியில் மண்டையோடு உள்ளே போனது. பிடி தளரவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பின்னர் முகத்தைக் கழுவிவிட்டேன். எரியும் அல்லவா.

கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார் என்று எல்லாரும் நம்பினார்கள். நடராஜன் படிகூட ஏறவில்லை.

"சதயத்துல ரத்தம் விழுந்த வீடு. சும்மா குடுத்தாலும் வேணாம்யா."

மூன்றாம் நாள் பொன்னுதுரையிடம் போய், நாலாயிரத்து இருநூறு என்று மட்டும் சொன்னேன். பேரம் பேசும் அவசியம் வரவில்லை. "இந்த நேரத்துலயும் நீங்களாச்சும் கேக்குறீங்களே, டீச்சர்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பிணத்தைப் பார்க்கிற டாக்டர் காயங்களை எண்ணுவார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வழுக்கி விழுகிறவர் ஒரே இடத்தில் மூன்று முறை விழ மாட்டார். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மற்றபடி கணக்கில் தவறில்லை. இனி அந்தப் பின்னறையைக் காலி செய்யச் சொல்ல யாராலும் முடியாது. அவருக்கும் எனக்கும் என்ன உறவு என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும், என் வாயால் வர வேண்டும் என்கிறீர்கள். சொல்வதில் எனக்குச் சங்கடமில்லை.

என்னைப் பெற்ற அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த வீடு அது.