நனைந்த தாடை

உலர் திராட்சையில் விதை இருந்தால் எனக்கு ஆகாது. பல் செட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, பழைய குடித்தனக்காரன் மாதிரி காலி செய்ய மறுக்கும். அதனால் விதையில்லாததாகத்தான் வாங்குவேன். மகளின் பிராணிக்குக் கொடுத்ததும் அதையேதான்.

நாற்பது வருடம் பல் செட் கட்டியவன் நான். நான் கட்டிய செட் ஒன்று, அதன் சொந்தக்காரர் தூங்கும்போது தண்ணீர் டம்ளரில் கிடந்தபடியே கொட்டாவி விட்டதாக அவர் மனைவி சொன்னாள். அதை நம்ப வேண்டாம். மற்றதை நம்பினால் போதும்.

மகளுக்கு வேலை மாற்றலானது. போகிற இடத்தில் பிராணி வளர்க்க விடமாட்டார்கள் என்று சின்சில்லாவை என்னிடம் விட்டுப் போனாள். அணிலின் குணமும் முயலின் காதுமாய், சாம்பல் நிறப் பஞ்சுப் பொதி.

“அப்பா, இதுக்குச் சாகுற வரைக்கும் பல்லு வளரும். காய்ஞ்ச புல்லை அரைச்சு அரைச்சுத்தான் தேயணும். இனிப்பு ருசி கண்டா புல்லைத் தொடாது. பாவம்னு பழம் கிழம் கொடுத்துடாதீங்க.”

“பல்லைப் பத்தி எனக்கே பாடமா?”

“உங்களுக்கு வளர்றது பல்லு இல்லப்பா, நாக்கு.”

போனவள் நான்கு மாதம் வரவில்லை. போனில், அது தின்றதா என்று கேட்பாள். நான் தின்றேனா என்பது மறந்துவிடும். வேலை அப்படி, குறையாகச் சொல்லவில்லை. ஒருமுறை வெயிலுக்கு அது ஒருநாள் தீனி எடுக்கவில்லை. சொன்னேன். மறுநாளே வந்துவிட்டாள். இரண்டு நாள் இருந்தாள். என் கால் நகங்களை வெட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு திராட்சை கொடுத்தேன். பிறகு மூன்று. பிறகு ஒரு பிடி. என் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாங்கும். தொடாத புல்லைத் தினமும் அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் புதிது வைத்தேன். எதிலும் எனக்குச் சுத்தம் வேண்டும். தாடைக்கு அடியில் கட்டைவிரலை ஓட்டினால், வேர்கள் கீழ்நோக்கி வளர்ந்து மேடு தட்டுவது தெரிந்தது. வாய்க்குள் கடைவாய்ப்பல் நாக்கைக் கிழிக்க ஆரம்பித்திருக்கும் என்றும் தெரியும். எச்சில் வடிந்து தாடை நனையும்வரை மூன்று வாரம் காத்திருந்து, பிறகு மகளைக் கூப்பிட்டேன்.

அதன்பின் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவிவிட்டார். மூன்றாம் தடவை ராவும்போது கேட்டார்: “வீட்ல யாராச்சும் இனிப்பு கொடுக்கறீங்களா?”

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கப்பா பல் செட் கட்டுறவரு டாக்டர். அவருக்குத் தெரியாததா?”

நான் தலையாட்டினேன். அவள் சொன்னது உண்மைதானே.

மேல்பல்லின் வேர் கண் வரைக்கும் ஏறியது. பசிக்கும், புல்லருகே போகும், வாயைத் திறக்க முடியாமல் திரும்பி வரும். இனி ராவிப் பயனில்லை என்று மருத்துவர் கடைசி ஊசியைப் போட்டார். மகள் என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். அவள் அப்படிச் சாய்ந்து இருபது வருடம் இருக்கும்.

“தனியா எப்படிப்பா இருப்பீங்க?” என்று புதிதாக ஒரு சின்சில்லாக் குட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அது வந்து ஆறு வாரம் ஆகிறது. நன்றாகப் புல் தின்கிறது. அவள் இன்னும் வரவில்லை. கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. பாவம், அவளைக் காணாமல் அதுவும் ஏங்குகிறது.