பெண் பார்க்க வந்த இடத்தில் ஆங்கில இலக்கணம்

தணிகை மலையின் நிழலில், தவில் ஓய்ந்து தாம்பூலம் மணக்கும் இந்த மண்டபத்தில், வாழ்த்தரங்கிற்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் பேராசிரியர் மனோரமா அம்மா அவர்களே! பெண்ணைப் பெற்ற பெருமிதத்தில் கண் கலங்கி நிற்கும் பள்ளிப்பட்டு நெசவாளர் பஞ்சாட்சரம் ஐயா அவர்களே! மாப்பிள்ளையின் தாய்மாமன், மிடுக்கும் மீசையும் மாறாத நாகராஜன் மாமா அவர்களே! மல்லிகையும் மகிழ்ச்சியுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பந்திக்குப் போவதா, பேச்சைக் கேட்பதா என்று பாதி எழுந்து நிற்கும் பெரியோர்களே! மாலையும் கழுத்துமாக வீற்றிருக்கும் மணமக்கள் விஜயராகவன், துர்கா ஆகியோரே! அரக்கோணத்து மெக்கானிக் கலீமின் மகள், மணமகளின் வகுப்புத் தோழி ஃபர்ஹா நான், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஆங்கிலத்தில் முதுகலை படித்தவள் தமிழில் பேசுகிறாளே என்று பார்க்கிறீர்களா? நானும் துர்காவும் விரும்பிப் படித்தது ஆங்கில மொழியின் அமைப்பு. ஒரு வாக்கியம் எப்படி எழுகிறது, எந்தச் சொல்லை நம்பி எந்தச் சொல் நிற்கிறது, எதை எடுத்தால் எது சரிகிறது என்று ஆராய்கிற பாடம். கரும்பலகையில் துர்கா ஒரு வாக்கியத்தைக் கிளை கிளையாகப் பிரித்து வரைந்தால் வகுப்பே வாய் பிளக்கும். அதே துர்காவை எழுந்து ஆங்கிலம் பேசச் சொன்னால், நாக்கு ஒட்டிக்கொள்ளும், கண் தரையைத் தேடும். பின்வரிசை சிரிக்கும். இவள் பேருந்தில் அழுதுகொண்டே பள்ளிப்பட்டு போவாள்.

அப்படியிருந்த பெண்ணைத்தான், படிப்பின் இரண்டாம் ஆண்டில், மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் பார்க்க வந்தார்கள். தறிகளை நிறுத்திவிட்டார்கள், வீடே அமைதியாக இருந்தது. நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். துர்கா காபி கொடுத்து முடித்ததும், நம் நாகராஜன் மாமா மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "இங்கிலீஷு படிக்கிற பொண்ணுன்னு சொன்னாங்க. எங்க, பாக்கலாம். யூ நோ குக்கிங்?"

துர்காவின் கண் வழக்கம்போல் தரையைத் தேடியது.

"ரெண்டு வார்த்த பேச வரலியே! அப்புறம் எதுக்கு இன்னும் படிச்சிகினு? கல்யாணத்தோட நிறுத்திடலாம்" என்றார் மாமா.

சிரிக்காதீர்கள் ஐயா, மாமா என்னையே பார்க்கிறார்!

நிறுத்திடலாம்! அந்த ஒரு சொல் துர்காவை நிமிர்த்தியது. "மாமா, எனக்கு வேகமா பேச வராதுங்க. ஆனா நீங்க கேட்ட கேள்வி எப்பிடி நிக்குதுன்னு சொல்ல வரும். சொல்லட்டுங்களா?" என்றாள்.

"ஆங், சொல்லு."

"நம்ம தமிழ்ல 'தெரியும்'ங்கிறத 'தெரியுமா'ன்னா கேள்வி. தெலுங்குல 'தெலுசு', 'தெலுசா'. கடைசியில சின்னதா ஒரு நீட்டல், அவ்ளோதான்."

நானும் சும்மா இருப்பேனா? "எங்க வீட்டு உருதுல 'மாலூம் க்யா'ன்னு கேப்போம்" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தேன்.

"இங்கிலீஷுக்கு அது பத்தாதுங்க. முன்னாடி 'டூ' வந்து நிக்கணும். 'டூ யூ நோ'. அந்த 'டூ'வுக்கு அங்க தனியா அர்த்தமே கிடையாது. கேள்விய நிக்க வெக்கத்தான் வருது" என்று தொடர்ந்தாள் துர்கா.

மாமாவின் முகம் இறுகியது. "அப்போ நான் கேட்டது தப்பா?"

"தப்பில்லீங்க. பேச்சுல குரல ஒசத்தி அப்பிடியும் கேப்பாங்க. எழுதறப்பதான் 'டூ' வேணும். அது ஏன்னு தெரிஞ்சிக்கத்தான் படிக்கிறேன். நிறுத்த மாட்டேங்க."

"சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போனார்கள். பஞ்சாட்சரம் ஐயா தலையில் கை வைத்தார். "கேட்டதுக்கு ரெண்டு வார்த்த பேசியிருக்கலாமே கண்ணு." "கேட்டதுக்குத்தானே நைனா பதில் சொன்னேன்!" என்றாள் துர்கா. சொல்லிவிட்டு உள்ளே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஒரு வாரம் ஒரு தகவலும் இல்லை. அடுத்த வாரம் ஐயாவின் கைப்பேசி ஒலித்தது. மாப்பிள்ளை!

"உங்க பொண்ணுகிட்ட ஒரு சந்தேகம் கேக்கணுங்க. ஆபீஸ் மெயில்ல 'டிட் யூ வென்ட்'னு எழுதிட்டேன். தப்புன்றாங்க, ஏன் தப்புன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்க."

துர்கா கைப்பேசியை வாங்கினாள். "நடந்து முடிஞ்சதுன்னு 'டிட்'டே சொல்லிடுச்சுங்க. அத இன்னொரு வாட்டி சொல்ல வேணாம். 'டிட் யூ கோ'ன்னு எழுதுங்க."

மறுமுனையில் சிரிப்பு. "அன்னிக்கு மாமா எதிர்ல நீங்க பேசுனீங்களே, எங்க வீட்ல யாரும் அப்பிடிப் பேசினதில்ல. எனக்குப் புடிச்சிருந்தது."

துர்கா அவசரப்படவில்லை. "எனக்குப் படிப்பு முடியணும். அப்புறம் ஆராய்ச்சியும் பண்ணணும். சம்மதம்னா நைனாகிட்ட பேசுங்க."

சம்மதம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் மாமாவிடமும் போய்ப் பேசினார். மாமா என்ன செய்தார் தெரியுமா? பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்! "பரீட்சை முடியட்டும். முகூர்த்தம் எங்கியும் ஓடிப் போவாது" என்றார். கை தட்டுங்கள் அவருக்கு! மனம் மாறுவதற்கும் ஒரு மனம் வேண்டுமல்லவா?

அன்பர்களே! ஆங்கிலம் நம் ஊரில் வெறும் மொழியாகவா இருக்கிறது? ஆளை அளக்கும் கோலாக அல்லவா இருக்கிறது! வேகமாகப் பேசினால் மேதை, தடுமாறினால் மடையர் என்றல்லவா தீர்ப்பு எழுதுகிறோம்! வங்கியில் அஞ்சுகிறோம், மருத்துவமனையில் அஞ்சுகிறோம், வேலை கேட்கப் போன இடத்தில் வியர்த்து நிற்கிறோம். அந்த மொழியைப் பிரித்துப் பார்த்தவளுக்கு அச்சம் அகன்றது. அதுவும் மனிதர்கள் பேசிப் பேசிக் கட்டியதுதான் என்று புரிந்தது. தமிழுக்கு ஒரு கட்டுமானம், தெலுங்குக்கு ஒரு கட்டுமானம், எங்கள் வீட்டு உருதுக்கு ஒரு கட்டுமானம், ஆங்கிலத்துக்கும் ஒன்று! இதில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது? யார் முன் யார் குனிவது?

தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பெண் திக்கினாலும் திணறினாலும், அவள் படிப்பை நிறுத்தாதீர்கள்!

இதோ, சமையல்காரர் கையைக் காட்டுகிறார், முடித்துவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை துர்கா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்கிறாள். அவளை வண்டியில் அழைத்துப் போய் வாசலில் இறக்கிவிடப்போகிறவர் நாகராஜன் மாமா. மணமக்கள் மனமொத்து வாழ்க! பசியோடும் பொறுமையோடும் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. வணக்கம்!