கடலுக்குக் கதவு

"இண்டைக்குக் கடலுக்குக் கதவு திறக்கிறம் மச்சான். அரசாங்கக் கச்சேரித் துரையும் ஓம் எண்டிட்டார்."

மண்முனைத்துறைத் தோணியில் எனக்கு முன்னே இருந்த, வாவிக்கு மேற்கே படுவான்கரை விவசாயி சொன்னார். கையில் மண்வெட்டி. மாரி வெள்ளத்தில் வாவி பொங்கி, அவருடைய வயல் வட்டையெல்லாம் இளம்பயிர் மூழ்கிக் கிடந்தது. முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டினால்தான் தண்ணீர் கடலுக்கு வடியும்.

"வெட்டினா என்ட றாலெல்லாம் கடலுக்குப் போயிருமே!" என்றார் அவருக்குப் பக்கத்திலிருந்த, கடலோர எழுவான்கரை மீன்பிடிகாரர்.

"வெட்டாட்டி வேளாண்மை அழுகிரும். மறுகா நீ மீனக் குடுத்து ஆருக்கிட்ட நெல்லு வாங்குவாய்? தவளைக்கிட்டயா?"

தோணியே சிரித்தது. மீன்பிடிகாரர் சிரிக்கவில்லை. கரை தட்டியதும் விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தார்.

"கோவிச்சிட்டுப் போறியா மச்சான்?"

"சேறு வெட்டுற உனக்கு மணல் வெட்டத் தெரியுமா? என்ட மண்வெட்டியயும் எடுத்திட்டு வாறன், நில்லு!"