இரண்டாம் எண் விளக்கு

கோல்ஃப் ஆட்டத்தை ஒளிபரப்புவதில் பாதி வேலை, யாரும் ஒன்றும் செய்யாமல் நிற்பதைக் காட்டுவதுதான். ஒருவர் புல்லைப் பார்ப்பார். குனிவார். எழுந்து மறுபக்கம் போய் மறுபடியும் அதே புல்லைப் பார்ப்பார். என் தங்கை ஒருமுறை, "அண்ணா, இவங்க எதையாவது தொலைச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் நான் சிரிக்கவில்லை.

நீங்கள் கேட்ட அந்த நான்கு நிமிடங்களுக்கு வருகிறேன். அதற்கு முன், போன மாதம் விசாரணைக் குழுவிடம் நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

பெரிய போட்டி ஒன்றை நாங்கள் ஹெச்.டி.யில் காட்டியது அதுதான் முதல் தடவை. பழைய படத்தில் பந்து உருண்டால் வெள்ளையாக ஏதோ போகிறது என்று தெரியும், அவ்வளவுதான். இதில் ஆட்டக்காரரின் கழுத்து வியர்வைகூடத் தெரிந்தது. படம் அகலமும்கூட. பழைய பெட்டியில் வெட்டுப்பட்டுப் போகும் இரண்டு ஓரங்களும் இதில் பார்க்கிறவர் வீடு வரை போகும். ஓரத்தில் ஓர் உடைந்த நாற்காலி கிடந்தாலும் மானம் போய்விடும். அன்று முழுவதும் என் கண் ஓரங்களிலேயே இருந்தது.

இரண்டாம் கேமரா, கடைசிக் குழிக்குப் பக்கத்தில் நாற்பதடி இரும்புக் கோபுரத்தின் மேல் இருந்தது. புல்லின் சரிவு அங்கிருந்து பார்த்தால்தான் புரியும். அதில் நின்றவர் என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். கை நடுங்காது என்பதால் ஆட்கள் அவரைத் தூண் என்பார்கள். வீட்டில் அவர் எனக்கு மாப்பிள்ளை. ஒளிபரப்பு வேனில் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன் என்றால் அவர் வெறும் இரண்டு. உறவைக் காட்டினால் மற்றவர்கள் வாய் சும்மா இருக்காது.

கோபுரத்துக்கு ஒரு விதி உண்டு. வேனில் மின்னலின் தூரத்தைக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால் மேலே இருப்பவர்களை இறக்கிவிட வேண்டும். மைதானத்தின் சைரன் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் ஊதும். அது தரையில் நிற்பவர்களுக்கு. கோபுரத்துக்குச் சைரன் நான்தான்.

முந்தைய போட்டியில் தூறல் போட்டதும் மாப்பிள்ளை தானாகவே இறங்கிவிட்டார். ஒரு நல்ல காட்சி கைநழுவிப் போயிற்று. எல்லோர் எதிரிலும் அவரைக் காய்ச்சி எடுத்தேன். "இன்னொரு தடவை நான் சொல்லாம இறங்கினா, அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க" என்றேன். அவர் தலை குனிந்தபடி சரி என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர்.

கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். முன்னணியில் இருந்தவருக்கு ஒரே ஓர் அடிதான் பாக்கி. உள்ளே போனால் கோப்பை அவருக்கு. என் முதுகுக்குப் பின்னால் சேனல் முதலாளி நின்றுகொண்டிருந்தார். கருவி பதினாலு காட்டியது. ஆட்டக்காரர் குனிந்து புல்லைப் பார்த்தார். அரை நிமிடம் பொறுக்கலாம் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"ரெண்டு பேசுறேன். இறங்கட்டுமா?"

"அப்படியே இருங்க."

கருவி பன்னிரண்டுக்கு வந்தது. ஆட்டக்காரர் எழுந்து மறுபக்கம் போனார். மறுபடியும் குரல் வந்தது. "மச்சான், கம்பியெல்லாம் ஒரு மாதிரி இரையுது. கை முடியெல்லாம் எந்திரிச்சு நிக்குது." ஹெட்செட்டில் அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் முதலாளி இருக்கிறார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவருடைய குரல் வரும் குமிழைத் திருகி முழுக்கக் குறைத்தேன்.

குரல் போகவில்லை என்றால் கேமராமேன் ஒரு பொத்தானை அழுத்தலாம். எனக்கு முன்னால் அவருடைய எண்ணுக்கு நேரே சிவப்பு விளக்கு மினுக்கும். மினுக்கியது. நிற்காமல் மினுக்கியது. கண்ணை உறுத்தியதால் நிகழ்ச்சித் தாளை எடுத்து அதன் மேல் வைத்தேன். தாள் மெல்லியது, சிவப்பு கசிந்தது. நான்காக மடித்து வைத்தேன்.

அப்போது மூன்றாம் கேமராவின் படம்தான் ஒளிபரப்பில் போய்க்கொண்டிருந்தது. அது தரையில், ஆட்டக்காரருக்கு எதிரே இருந்தது. நடுவில் அவர் முகம். வலது ஓரத்தில், தூரத்தில், கோபுரம். பழைய படமாக இருந்திருந்தால் அந்த ஓரமே இருந்திருக்காது. இதில் மேல்தட்டில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. நீலச் சட்டை தெரிந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவது தெரிந்தது. குழுவிடம் பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன்.

காலையில் டீ குடிக்கும்போது மாப்பிள்ளை ஒன்று சொல்லியிருந்தார். "பாப்பா, டிவியில அப்பா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. இன்னைக்கு ஒரு தடவை கை ஆட்டுறேன்னு சொல்லியிருக்கேன்." அவளுக்கு ஏழு வயது. அவர்கள் வீட்டுப் பெரிய டிவி நான் வாங்கிக் கொடுத்தது. ஆகவே மகளுக்குத்தான் கை ஆட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேலை நேரத்தில் விளையாட்டா என்று கோபம்கூட வந்தது.

"மூணு, இன்னும் கிட்ட போங்க. வலது ஓரம் வேண்டாம்" என்றேன்.

படம் மெல்ல நெருங்கியது. கோபுரம் ஓரத்தின் வழியாக வெளியே போயிற்று. முகம் மட்டும் மிஞ்சியது. முதலாளி என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

பிறகு வெளிச்சம். இரண்டாம் திரை கறுத்தது. கருவி அப்போதும் பதினொன்றுதான் காட்டியது. அவ்வளவு தூரத்திலிருந்தும் மின்னல் பாயலாம் என்பதற்காகத்தானே அந்த விதி. சைரன் அதன் பிறகுதான் ஊதியது. ஆட்டக்காரர் அடிக்கவே இல்லை. பந்து கிடந்த இடத்தில் அடையாள வில்லை ஒன்றை வைத்துவிட்டு, பந்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை நல்ல வெயிலில் வந்து அடித்தார். மூன்று நொடி ஆயிற்று.

எல்லோரும் வேனை விட்டு ஓடினார்கள். நான் தாளை எடுத்துப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது.

காட்சிக்காக அவராகவே நின்றார் என்று குழுவிடம் சொன்னேன். தொழில்பற்று என்று எழுதிக்கொண்டார்கள். தங்கை அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பா என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பா எனக்கு ரெண்டு கையாலயும் ஆட்டினாரு. நானும் டிவி முன்னாடி நின்னு ஆட்டினேன். அதுக்குள்ள யாரோ படத்தை மாத்திட்டாங்க. யாரு மாமா அது?"

தெரியாது என்றேன். தங்கை சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

எழுதிக்கொள்ளுங்கள். விதி எனக்குத் தெரியும். குரலை அடைத்தேன், விளக்கை மூடினேன், கையைப் பார்த்தபின் அவரைப் படத்திலிருந்து தள்ளினேன். "இறங்குங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும், இறங்கியிருப்பார். நான்கு நிமிடம் அது என் வாயிலேயே இருந்தது. அவரைக் கொன்றவன் நான்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். பாப்பாவிடம் யாரும் இதைச் சொல்ல வேண்டாம். அப்பா தனக்குத்தான் கை ஆட்டினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே இருக்கட்டும். குழந்தைக்காகத்தான் கேட்கிறேன். யோசித்துப் பார்த்தால், அவர் அவளுக்குத்தான் ஆட்டியிருப்பார்.