பின்னாலிருந்து கேட்ட பொருத்தம்

என்ன, பந்தி வாசனை வந்துடுச்சா? கண்ணெல்லாம் பின்பக்கமே போகுதே! இருங்க... ஒரு சின்னக் கதை, சொல்லிட்டு விட்டுடறேன்.

தூத்துக்குடியில ஒரு ஆராய்ச்சிக்கூடம். அங்க செலஸ்டினான்னு ஒரு பொண்ணு, இறால் நோய்க்கு மருந்து தேடுறா. அந்த நோய்க் கிருமியோட புரதத்தை வரிசையா எழுத்துல எழுதி, அதோட சொந்தக்காரக் கிருமிகளோட புரதத்தையும் கீழ அடுக்கி, எதுக்கு எது நேரா வருதுன்னு கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா. நம்ம ஜாதகப் பொருத்தம் மாதிரிதான்! எல்லாத்துலயும் மாறாம நிக்கிற இடத்துலதான் மருந்து அடிக்கணும்.

கம்ப்யூட்டர் சொல்லுச்சு... "நடுவுல ஒரு இடம், அபாரப் பொருத்தம்!"

பொண்ணுக்குத் தலைகால் புரியல. ஆனா ஒரே ஒரு மருந்து செஞ்சு பார்க்கத்தான் அனுமதி. தப்பினா, ஆராய்ச்சியையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கூட வேலை பார்க்கிற இசக்கிமுத்து சிரிச்சான். "ஏ செலஸ்டி, இது கல்யாணத் தரகர் மாதிரில்லா! எதைக் குடுத்தாலும் பொருத்தித்தானே காட்டும்?"

"வாயை வைக்காதலே!"

"சரி, எல்லா வரிசையையும் கடைசியிலேர்ந்து முதலுக்குத் திருப்பிப் போட்டு, மறுபடி கேளேன்."

"திருப்புனா என்ன? எழுத்து அதேதானே?"

"அப்போ பதிலும் அதேதானே வரணும்?"

கேட்டா... அவ ஆசைப்பட்ட நடு இடம் நகந்து போச்சு! ஏன்? ஒரு எழுத்தை இங்கயும் வைக்கலாம், அங்கயும் வைக்கலாம்னா, கம்ப்யூட்டர் படிச்சு வந்த பக்கமாவே சாஞ்சிடும். சந்தேகம்னு மட்டும் வாயைத் திறக்காது!

அழுதுட்டா பாவம். அப்புறம் கண்ணைத் தொடச்சுட்டுப் பார்த்தா, ஓரத்துல ஒரு சின்ன இடம்... அவ திரும்பிக்கூடப் பார்க்காத இடம். முன்னாலிருந்து கேட்டாலும் அதே, பின்னாலிருந்து கேட்டாலும் அதே!

"இது நிஜமாலே?"

"சத்தியமெல்லாம் பண்ணமாட்டேன். அசைஞ்சதை நம்பாதே, அவ்வளவுதான்."

துணிஞ்சு அங்கயே மருந்தை வச்சா. தொட்டியில இறால் துள்ளுச்சு... பொண்ணும் துள்ளுனா! இசக்கிமுத்துவுக்குப் பெரிய விருந்து. எல்லாம் இருந்துச்சு, இறால் மட்டும் இல்ல. காப்பாத்துனவளுக்கு மனசு வரல!

நாம என்ன பண்றோம்? பிடிச்ச பதில் வந்ததும் கேள்வியை மூடிடறோம். இந்தக் குடியிருப்புல யார் யாரோட பேசறதில்லைன்னு எனக்குத் தெரியாதா? "அவர் என்னை மதிக்கல"ன்னு கோபமா இருக்கீங்களே... அதே சங்கதியை அவர் பக்கத்துலேர்ந்து ஒரு தரம் கேட்டீங்களா? கேளுங்க! அப்பவும் கோபம் அசையலையா, வச்சுக்குங்க. அசைஞ்சுதா?

பந்தியில அவர் பக்கத்து இலையில போய் உக்காருங்க. எந்திரிங்க, சாம்பார் ஆறுது!